மோசடிக் கடிதத்துக்கு மறுமொழி எழுதும் சேவை: ரீஸ்கேம், ஒரு மதிப்பீடு

பெருந்தொகை கிடைக்கும் என்று ஆசைகாட்டி முன்கூட்டியே கட்டணம் கறக்கும் முன்பண மோசடிக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பவருக்கு நெடுங்காலமாக ஒரே விடைதான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது: பதில் எழுதாமல் அழித்துவிடுங்கள். அந்த அறிவுரையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதைப் பின்பற்றுகிறவர் தாம் மட்டும் தப்பித்துக்கொள்கிறார். அதே கடிதம் அதே வேளையில் வேறு பல்லாயிரம் பேரின் அஞ்சல் பெட்டிகளிலும் போய் விழுந்திருக்கிறது. அவர்களில் யாரோ ஒருவர், தனியாக வாழும் முதியவராகவோ கடனில் தத்தளிப்பவராகவோ இருக்கக்கூடிய ஒருவர், அதை நம்பிப் பதில் எழுத உட்காருகிறார். முகம் தெரியாத அந்த ஒருவருக்கு நம்மால் ஏதாவது உதவ முடியுமா என்ற கேள்விக்கு, நியூசிலாந்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பான நெட்சேஃப் 2017 நவம்பரில் முன்வைத்த விடைதான் ரீஸ்கேம். இந்த மதிப்பீடு முதன்மையாக அந்த 2017-ஆம் ஆண்டு வடிவத்தைப் பற்றியது. அதை ஒட்டி, மோசடிக்காரர்களை எதிர்த்து நிற்கும் வேறு சில முயற்சிகளையும், எதிர்த்து நிற்பதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாம் முறை கொள்ளையடிக்கும் ஒரு வகைச் 'சேவை'யையும் பார்க்கிறேன்.

பயன்படுத்தும் முறை மிக எளிமையானது. நமக்கு வந்த மோசடிக் கடிதத்தை ரீஸ்கேமின் மின்னஞ்சல் முகவரிக்கு அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். அதன்பின் அந்தச் சேவையின் கணினி நிரல் தனக்கென்று உள்ள வேறொரு முகவரியிலிருந்து, ஏமாறத் தயாராக இருக்கும் ஒரு மனிதரைப் போல மோசடிக்காரருக்கு எழுதத் தொடங்குகிறது. நம் பெயரோ முகவரியோ அந்த உரையாடலில் எங்கும் தலைகாட்டுவதில்லை. அவர் எத்தனை கடிதம் எழுதினாலும் நிரல் சலிக்காமல் பதில் எழுதிக்கொண்டே இருக்கும்; கேள்வி கேட்கும், புரியாததுபோல நடிக்கும், கேட்டதையே மறுபடியும் கேட்கும், பணம் மட்டும் அனுப்பாது. வயது, பேச்சுவழக்கு, குணம் ஆகியவற்றில் வேறுபட்ட பல கற்பனை மனிதர்களாக அது எழுதும்படியும், உண்மையான மனிதர்கள் செய்வதைப் போன்ற எழுத்துப்பிழைகளும் நகைச்சுவையும் இடையிடையே வரும்படியும் அதை வடிவமைத்திருந்தார்கள்.

இது விளையாட்டுத்தனமான ஒரு விளம்பர உத்தி என்று பலர் அப்போது நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மோசடியின் பொருளாதாரம் எங்கே தாங்கி நிற்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, சரியாக அந்த இடத்தில் கைவைத்த சேவை இது.

அதைக் காட்ட, கடிதத்தையே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுதுகிறவர் தம்மை ஒரு வங்கியின் தணிக்கை அதிகாரி என்றோ வழக்கறிஞர் என்றோ அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் விமான விபத்தில் குடும்பத்துடன் இறந்துவிட்டார். கணக்கில் பல லட்சம் டாலர் கிடக்கிறது. வாரிசு யாரும் முன்வராததால் அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது. உங்கள் குடும்பப் பெயரும் இறந்தவரின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருப்பதால் உங்களை வாரிசாகக் காட்டிப் பணத்தை எடுத்துவிடலாம். உங்களுக்கு நாற்பது விழுக்காடு. அனுப்புநர் இடத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும், ஆனால் பதில் போய்ச் சேரும் முகவரி யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஒரு மின்னஞ்சல் கணக்காக இருக்கும். இரகசியம் காக்க வேண்டும் என்ற வேண்டுகோள் தவறாமல் இருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்றுபோயிருக்கும் பல மோசடிகளை நடத்திக் கொடுத்தது இந்த ஒரு வரிதான். பதில் எழுதியபின் கட்டணங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. முதலில் பத்திரப் பதிவுக்கு ஒரு சிறு தொகை, பிறகு வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழுக்கு, பிறகு இது பயங்கரவாதப் பணம் அல்ல என்ற சான்றிதழுக்கு, பிறகு பரிமாற்றக் கட்டணம். ஒவ்வொன்றும் 'கடைசிக் கட்டணம்' என்றே கேட்கப்படும்.

ஆள் மாறி, கருவி மாறி வந்தாலும் கதை பழையது. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் அடைபட்டிருக்கும் செல்வந்தர் ஒருவரை விடுவிக்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே அஞ்சலில் கடிதம் எழுதினார்கள். பின்னர் தாளிலும், தொலைநகலிலும், அதன்பின் மின்னஞ்சலிலும் நைஜீரியாவிலிருந்து பெருவாரியாக வந்ததால், அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419-ஆம் பிரிவின் எண்ணே இந்த மோசடிக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நைஜீரியா 2006-இல் இதற்கென்றே தனிச்சட்டம் இயற்றியதையும், அங்குள்ள பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையம் பலரைச் சிறைக்கு அனுப்பியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டு மக்கள் முழுவதையும் இந்தக் குற்றத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நியாயமற்றது.

படிக்காதவர்கள்தாம் ஏமாறுவார்கள் என்ற எண்ணமும் அப்படியே நியாயமற்றது. 1995 முதல் 1998 வரை பிரேசில் நாட்டின் பாங்கோ நொரோயெஸ்டே வங்கியின் உயர் அதிகாரி ஒருவரிடமிருந்து, நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநராக வேடமிட்ட எம்மானுவேல் ந்வூடேயும் அவர் கூட்டாளிகளும், நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கட்டப்போவதாகச் சொன்ன ஒரு விமான நிலையத்தின் பெயரால் 24 கோடியே 20 லட்சம் டாலர் வரை கறந்தார்கள். வங்கியே இறுதியில் முறிந்துபோனது. ந்வூடேவுக்கு 2005-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. வங்கித் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் விழுந்த பள்ளம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாய் வராது.

கடிதம் ஏன் இவ்வளவு நம்பமுடியாததாக இருக்கிறது என்ற கேள்விக்கு, மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். பத்து லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்ப மோசடிக்காரருக்கு ஏறக்குறைய எதுவும் செலவாவதில்லை. செலவு தொடங்குவது பதில் வந்த பிறகுதான். பதில் எழுதிய ஒவ்வொருவரையும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் கைப்படக் கடிதம் எழுதி இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர்களில் பாதி வழியில் சந்தேகப்பட்டு விலகுகிறவர் ஒவ்வொருவரும் வீணான உழைப்பு. ஆகவே கடைசிவரை வரக்கூடியவர் மட்டுமே முதல் கட்டத்தில் பதில் எழுத வேண்டும். அதற்காகவே கதை அவ்வளவு வெளிப்படையாகப் பொய்யாக இருக்கிறது; சந்தேகப்படக்கூடியவர்களைக் கடிதமே விலக்கிவிடுகிறது. இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் எதிர்த்தாக்குதலுக்கான இடமும் தெரிந்துவிடுகிறது. ஏமாறப்போகிறவரைப் போலவே எழுதி, ஒருபோதும் பணம் அனுப்பாத போலிப் பதில்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தால், உண்மையான இரை எது என்று பிரித்தறிய முடியாமல் மோசடிக்காரரின் வேலைநேரம் கரைந்துவிடும்.

ரீஸ்கேமின் பதில்கள் இந்தக் கணக்கை எவ்வளவு நன்றாக உள்வாங்கியிருந்தன என்பதற்கு, நெட்சேஃப் தன் அறிமுகத்தின்போது காட்டிய ஓர் எடுத்துக்காட்டு போதும். மோசடிக்காரர் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கிறார். நிரல் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எண்ணின் இலக்கங்களை ஒவ்வொரு கடிதத்திலும் ஒன்றாக அனுப்பப்போவதாகச் சொல்லி, முதல் இலக்கத்தை மட்டும் எழுதி அனுப்புகிறது. இதன் நுட்பம் சிரிப்பூட்டுவதோடு நிற்கவில்லை. கேட்டதைக் கொடுக்க மறுத்தால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். முழுவதையும் கொடுத்தால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ஒரே ஒரு இலக்கத்தைக் கொடுத்தால், இரை தூண்டிலில் இருக்கிறது என்ற நம்பிக்கை குலையாமலேயே வேலை பல மடங்கு நீள்கிறது. இரகசியம் காக்கச் சொன்னது மோசடிக்காரர்தாம் என்பதால் இந்த முறைக்கு அவரால் மறுப்பும் சொல்ல முடியாது. இரகசிய சங்கத்தில் சேர அழைத்த இன்னொரு கடிதத்துக்கு, அங்கே மாலை நேர விளையாட்டுகள் உண்டா என்று நிரல் ஆர்வத்தோடு விசாரிக்கிறது. ஒவ்வொரு பதிலும் ஒரு கேள்வியோடு முடிவதைக் கவனிக்க வேண்டும். கேள்வி இருக்கும்வரை மறுபுறத்தில் இருப்பவர் விசைப்பலகையை விட்டு எழுந்திருக்க முடியாது.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை அனுப்பி, மோசடிக்காரர்களின் நேரத்தில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் வீணடித்ததாக நெட்சேஃப் அறிவித்தது. இந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் அது எதை அளக்கிறது என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். அது வீணான நேரத்தின் அளவு, காப்பாற்றப்பட்ட மனிதர்களின் எண்ணிக்கை அல்ல. ஐந்து ஆண்டு என்பதும் ஒருவருடைய ஐந்து ஆண்டு அல்ல, எத்தனையோ பேருடைய நிமிடங்களைக் கூட்டி வந்த தொகை. அப்படியிருந்தும் அந்த நிமிடங்களில் ஒரு பகுதி ஓர் உண்மையான முதியவருக்கு எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், இந்தச் சேவை தன் இருப்பை நியாயப்படுத்திவிட்டது என்றே சொல்வேன்.

இதைவிட முக்கியமான நன்மை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பதில் எழுதும் வேலையை மனிதரிடமிருந்து இந்தச் சேவை முற்றாக எடுத்துக்கொண்டது. ரீஸ்கேமுக்கு முன்பும் மோசடிக்காரர்களோடு கடிதப் போர் நடத்தியவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அவர்களை ஸ்கேம்பெய்ட்டர்கள் என்பார்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்து தன்னார்வலர்கள் பலர் போலிப் பெயர்களில் எழுதி மோசடிக்காரர்களை மாதக்கணக்கில் அலைக்கழித்திருக்கிறார்கள், அவர்களில் பலர் நேர்மையான நோக்கத்தோடு நல்ல வேலை செய்தவர்கள். ஆனால் மனிதர் ஒருவர் இதில் இறங்கும்போது இரண்டு ஆபத்துகள் கூடவே வருகின்றன. ஒன்று, அவருடைய சொந்தப் பாதுகாப்பு. எழுத்தில் கசிந்துவிடும் ஒரு சிறு தகவல் போதும், மறுபுறம் இருப்பவர் தேடி வந்துவிடலாம். மற்றொன்று, வெற்றியின் மயக்கம். நேரத்தை வீணடிப்பதில் தொடங்கியது, அவமானப்படுத்தும் வாசகங்களைக் கையில் ஏந்திப் படம் எடுத்து அனுப்பச் செய்வதாகவும், வெகுதொலைவுக்குப் பயணம் போகச் செய்வதாகவும் வளர்ந்தது. 2008-இல் ஒரு குழுவினர் மோசடிக்காரர் ஒருவரை, பணம் அங்கே கிடைக்கும் என்று நம்பவைத்து, அப்போது போர்ச்சூழல் நிலவிய சாட் நாட்டின் கிழக்குப் பகுதிக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குற்றவாளியை உயிராபத்தில் தள்ளும் உரிமை வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதும் யாருக்கும் இல்லை. படங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், அவற்றைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெரும்பாலும் மேற்கு நாட்டவர்கள் என்பதும் அந்தச் சிரிப்பின் தன்மையைச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு காரணத்தாலும் இது எனக்கு உறுத்துகிறது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் வலுக்கட்டாயமாக அடைத்துவைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. அங்கே நடப்பவை பெரும்பாலும் காதல், முதலீடு, கிரிப்டோ சார்ந்த மோசடிகள் என்றாலும், திரையின் மறுபுறத்தில் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது என்ற உண்மை எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, அடிக்குப் பயந்து எழுதுகிற ஒருவராகவும் அவர் இருக்கலாம். ரீஸ்கேமின் நிரல் யாரையும் இழிவுபடுத்தவில்லை, யாரையும் எங்கும் அனுப்பவில்லை, வெற்றிச் சின்னமாகக் காட்ட யாருடைய படத்தையும் கேட்கவில்லை. இந்த அடக்கத்துக்காகவே மனிதர் நடத்தும் எதிர்விளையாட்டுகளைவிட அதை உயர்வாக மதிப்பிடுகிறேன்.

குறைகளும் சிறியவை அல்ல. மின்னஞ்சலுக்கு மட்டுமான சேவை அது. மோசடிக்காரர்களோ முதல் கடிதத்திலேயே வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து உரையாடலை அங்கே இழுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இயங்குவது என்பதால், தமிழிலோ வேறு மொழியிலோ எழுதப்படும் மோசடிச் செய்திகளுக்கு அதனால் பயனில்லை. இந்தக் குற்றம் நம் மொழிகளைக் கற்றுக்கொண்ட வேகத்தில் பாதியளவுகூட அதை எதிர்க்கும் கருவிகள் கற்றுக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே பணம் அனுப்பத் தொடங்கிவிட்டவருக்கு இந்தச் சேவை எதையும் செய்வதில்லை. கடிதத்தை அனுப்புகிறவர் அது மோசடி என்று முன்பே தெரிந்தவராக இருந்தால்தான் சேவையே தொடங்குகிறது.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது வேறொரு முயற்சி. ஆர்ட்டிஸ்ட்ஸ் அகென்ஸ்ட் 419 என்ற தன்னார்வக் குழு 2003 முதல் போலி வங்கித் தளங்களைத் தேடிப் பிடித்துப் பொதுப் பட்டியலாக வெளியிட்டு வருகிறது. தொடக்க ஆண்டுகளில் அவர்கள் கையாண்ட முறை சர்ச்சைக்குரியது: பலர் ஒரே வேளையில் ஒரு போலி வங்கித் தளத்தின் படங்களைத் திரும்பத் திரும்ப இறக்கி, அந்தத் தளத்துக்கு ஒதுக்கப்பட்ட தரவு அளவைத் தீர்த்து அதை முடக்கினார்கள். அதே சர்வரில் இருக்கும் குற்றமற்ற தளங்களையும் பாதிக்கக்கூடிய அந்த வழியைப் பின்னர் அவர்கள் கைவிட்டு, ஆதாரங்களைத் திரட்டி இணைய முகவரியைப் பதிவுசெய்து தரும் டொமைன் பதிவாளருக்கும் தளத்தைத் தன் கணினியில் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் முறைப்படி புகார் அனுப்பித் தளத்தை மூடவைக்கும் வழிக்கு வந்தார்கள். நிறுவனம் கண்டுகொள்ளாவிட்டால் புகார் கிடப்பில் போய்விடும், மூடிய தளம் வேறு பெயரில் மறுவாரமே திறக்கும் என்ற சலிப்புகள் இந்த வேலையில் உண்டு. ஆனால் பட்டியலின் உண்மையான பயன் மூடப்பட்ட தளங்களில் மட்டும் இல்லை. சந்தேகம் தட்டிய ஒருவர் அந்த 'வங்கி'யின் பெயரைத் தேடும்போது, மோசடிக்காரரின் விளம்பரப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கையும் கண்ணில் படுகிறது. ஏமாறிக்கொண்டிருக்கும் ஒருவரை அந்த நிமிடத்தில் எட்டக்கூடிய உதவி அது.

அந்த நிமிடம் எவ்வளவு கடினமானது என்பதை, எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய கணினியின் முன் உட்கார்ந்தபோது பார்த்தேன். வெளிநாட்டு வங்கி ஒன்றின் தளத்தில் அவருக்கென்று பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தால் அவர் பெயரில் ஒரு கணக்கு, அதில் ஏழு இலக்கத் தொகை, பரிமாற்றம் செய்ய ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு பச்சைப் பட்டை மெதுவாக நிரம்பத் தொடங்கும். பாதிக்கு மேல் வந்ததும் நின்று, பரிமாற்றக் கட்டணக் குறியீட்டை உள்ளிடுக என்று கேட்கும். அந்தக் குறியீட்டுக்குப் பணம் கட்டியபின் பட்டை இன்னும் சற்று நகர்ந்து, வரிக் குறியீடு கேட்டு நின்றது. "பணம் கண்ணெதிரே இருக்கிறதே தம்பி, இன்னும் கொஞ்சம்தானே" என்றார். கணக்கில் தெரிந்த தொகை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வெறும் எண் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. டொமைன் பதிவு விவரத்தைத் திறந்து, நூறாண்டுப் பாரம்பரியம் பேசும் அந்த வங்கியின் இணைய முகவரி சில மாதங்களுக்கு முன்தான் பதிவுசெய்யப்பட்டது என்று காட்டினேன். தளத்தில் இருந்த 'எங்களைப் பற்றி' பத்தியின் ஒரு வாக்கியத்தை அப்படியே தேடியபோது, வேறு வேறு பெயர்கள் கொண்ட 'வங்கி'களில் அதே வாக்கியம் சொல் மாறாமல் வந்தது. அந்த வரிசையைப் பார்த்த பிறகுதான் அவர் கை மவுஸிலிருந்து விலகியது. அறிவுரை செய்யாததை அந்த வரிசை செய்தது. அதனால்தான் இப்படிப்பட்ட பட்டியல்களைப் பொறுமையாகத் தொகுப்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு.

இனி, யாரும் பயன்படுத்தக் கூடாத ஒரு சேவை. ஏமாந்தவர் பணத்தைத் தேடி இணையத்தில் புலம்பத் தொடங்கியதும், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் 'மீட்பு முகவர்கள்' அவரைத் தேடி வருகிறார்கள். தாங்கள் இணையக் குற்றப் புலனாய்வாளர்கள் என்றோ, வழக்கறிஞர் குழு என்றோ, திறமையான ஹேக்கர்கள் என்றோ சொல்லிக்கொள்வார்கள். பணம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க ஒரு கட்டணம் மட்டும் செலுத்த வேண்டும் என்பார்கள். முன்பண மோசடியின் அதே கதைதான் இது, இறந்துபோன வாடிக்கையாளருக்குப் பதிலாக இழந்த பணம் கதாபாத்திரமாக வருகிறது. ஏமாந்தவர்களின் பெயர்ப்பட்டியல் மோசடிக்காரர்களுக்குள் விலைக்குக் கைமாறுகிறது என்பதால், முதல் கும்பலே இரண்டாவது வேடத்தில் வருவதும் உண்டு. அவர்களுடைய பக்கங்களில் கண்ணீர் மல்கும் நன்றிக் கடிதங்கள் நிறைய இருக்கும். எந்த நாட்டுக் காவல்துறையும், எந்த வங்கியும், பணத்தைத் திருப்பித் தர முன்கூட்டிக் கட்டணம் கேட்பதில்லை. இந்த வகைச் சேவைகளுக்கு நான் எந்த மதிப்பெண்ணும் கொடுக்க மாட்டேன். இவற்றைப் பரிந்துரைத்து எழுதப்படும் மதிப்புரைகளையும் மோசடியின் ஓர் உறுப்பாகவே பார்க்க வேண்டும்.

ரீஸ்கேமின் அடிப்படை எண்ணம் இன்றைக்கும் செல்லுமா என்பது நேர்மையாக எழுப்ப வேண்டிய கேள்வி. மறுபுறத்தில் ஒரு மனிதர் கைப்படப் பதில் எழுதுகிறார், அவருடைய நேரத்துக்கு விலை உண்டு என்பதே அதன் அடித்தளம். இப்போது மனிதரைப் போல எழுதும் கணினி நிரல்களான மொழி மாதிரிகளைக் கொண்டு மோசடிக்காரர்களும் உரையாடலை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்துவிட்டால், இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கும், யாருடைய நேரமும் வீணாகாது. எழுத்துப்பிழைகளும் விசித்திரக் கதைகளும் குறைந்து, சந்தேகப்படக்கூடியவரையும் விடாமல் இழுத்துப் பார்க்கும் கடிதங்கள் மலிவாகக் கிடைக்கும்போது, ஹெர்லியின் கணக்கில் இருந்த செலவும் சுருங்கிவிடுகிறது.

ஆனால் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாத ஒரு கட்டம் எல்லா முன்பண மோசடியிலும் இருக்கிறது. கடைசியில் பணம் எங்கேயாவது வந்து சேர வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், வாடகைக்கு எடுத்த கணக்கானாலும் அது உண்மையான கணக்காக இருக்க வேண்டும். கணக்கு எண் சொல்லப்படும் அந்த நொடிதான் மோசடிக்காரர் தம்மை வெளிக்காட்டியே ஆக வேண்டிய நொடி. ரீஸ்கேமுக்குப் பின் வந்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். பிரிட்டனின் ஓ2 தொலைபேசி நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்திய, பாட்டியின் குரலில் பேசும் டெய்சி என்ற கணினி நிரல் தொலைபேசியில் மோசடிக்காரர்களை நாற்பது நிமிடம்வரை பிடித்துவைத்ததாகச் சொல்லப்பட்டது. அது பழைய வழியின் குரல்வடிவம், கேட்பவர்களை விழிக்கச் செய்யப் பயன்படுவது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த அப்பாட்டே என்ற முயற்சி. அதன் குரல் நிரல்கள் நேரத்தைக் கரைப்பதோடு நிற்காமல், உரையாடலிலிருந்து மோசடியின் விவரங்களைத் திரட்டி வங்கிகள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும் நோக்கத்தோடு உருவாக்கப்பட்டவை. ஒரு கணக்கு முடக்கப்பட்டால் அதை நம்பி நடந்துகொண்டிருக்கும் பல உரையாடல்கள் ஒரே நேரத்தில் பயனற்றுப் போகின்றன. அவற்றில் ஒன்று அந்த ஆசிரியரைப் போன்ற ஒருவருடையதாக இருக்கும்.

ஆகவே நேரத்தை வீணடித்தல் என்ற நோக்கத்துக்காக மட்டும் 2017-ஆம் ஆண்டின் ரீஸ்கேமை இன்று மதிப்பிட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அனுப்புகிறவரின் அடையாளத்தை முற்றாக மறைத்தது, யாரையும் இழிவுபடுத்தாதது, சாதாரண மனிதரும் ஒரே செயலில் பங்குகொள்ள முடிந்தது ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு. திரட்டிய கணக்கு எண்களை வங்கிகளுக்கு உடனே அனுப்பும் வசதி இணைந்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

இத்தகைய சேவை எதற்குக் கடிதத்தை அனுப்பினாலும் சில முன்னெச்சரிக்கைகள் தேவை. நீங்கள் அந்த மோசடிக்காரருக்கு ஏற்கெனவே ஒருமுறையேனும் பதில் எழுதியிருந்தால் அனுப்ப வேண்டாம். அவர் உங்களை அறிவார் என்பதால் நிரலின் பதிலை உங்களோடு இணைத்துப் பார்க்கக்கூடும். கடிதத்தின் உடலில் உங்கள் முழுப்பெயரோ தொலைபேசி எண்ணோ இருந்தால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். இணைப்பில் உள்ள கோப்புகளைத் திறந்து பார்க்காதீர்கள். கடிதத்தை உடனே அழித்துவிடாமல் வைத்திருங்கள், காவல்துறைக்கோ வங்கிக்கோ முழுத் தலைப்பு விவரங்களோடு (கடிதம் எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்ற பதிவோடு) அந்த மூலக்கடிதம் தேவைப்படலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் எந்த நிரலுக்கும் எதையும் அனுப்புவதற்கு முன், பணம் அனுப்பிய வங்கியைத் தொலைபேசியில் அழைத்துப் பரிமாற்றத்தை நிறுத்திவைக்கக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.